பெண்பிள்ளை பெயர் அச்சில் ஏறிய வாரம்

பத்திரிகைத் தொழில் என்பது, ஊரார் வீட்டுச் சங்கதியை அச்சடித்து ஊராருக்கே கொடுத்துவிட்டு, அடுத்த இதழ் வரும்வரை வாசற்கதவை யார் தட்டினாலும் வயிற்றைப் பிடித்துக்கொள்கிற தொழில். அச்சாபீஸில் குப்பை கொட்டியவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களும் ஏதாவது ஒரு முதலாளி முன்னால் கைகட்டி நின்றவர்கள்தானே, உங்களுக்கும் புரியும்.

எனக்கு இப்போது வயது எண்பதுக்குப் பக்கம். எந்தப் பக்கம் என்று கேட்காதீர்கள். நான் சொல்வதில் பாதியை நம்பினால் போதும் என்று என் மருமகள் எல்லாரிடமும் சொல்லுகிறாள். எந்தப் பாதி என்று எனக்கே தெரியாத காரணத்தால் நான் மறுப்பதில்லை. திருநெல்வேலி டவுனில், ரத வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில், நாலு பக்க வாரப் பத்திரிகை ஒன்றில் ஆறு வருஷம் இருந்தேன். பத்திரிகையின் பெயரைச் சொல்ல மாட்டேன். ஆசிரியருடைய பேரன்மார் இப்போது வக்கீல்கள். புதன்கிழமைதோறும் இதழ் வரும். சர்க்கார் ஒவ்வொரு பத்திரிகையையும் பூதக்கண்ணாடி வைத்து வாசித்த காலம் அது. ஆகவே ஆசிரியர் பிள்ளை, தும்முவதற்கு முன்னால்கூட அதில் ராஜத்துரோகம் உண்டா என்று யோசித்துவிட்டுத்தான் தும்முவார்.

மூன்று பேருக்குத்தான் பெயர்

ஆசிரியர் பிள்ளை என்னை வேலைக்கு எடுத்த அன்றைக்கே ஒரு சட்டம் சொன்னார். பத்திரிகையில் பெண்பிள்ளைகளின் பெயர் வரக்கூடாது. விலக்கு மூன்று பேருக்கு. ஒன்று அம்மன், இரண்டு மகாராணி, மூன்று கோர்ட்டில் நிற்கிற குற்றவாளி. மற்ற எல்லாரும் இன்னார் மனைவி, இன்னார் மகள், இன்னார் தாயார். "மரியாதைப்பட்ட வீட்டுப் பொம்பளை பேரை ஊரெல்லாம் வாயில போட்டுச் சவைக்க விடலாமா, பிச்சையா?" என்பார். பிச்சையா என்பது நான்.

ஒரு வாரம் பெண்கள் பள்ளிக்கூடத்தில் பரிசு வழங்கிய செய்தி வந்தது. வழங்கியவர் "ஸ்ரீ தாசில்தார் அவர்களின் மனைவியார்". வாங்கியவள் "ஒரு பிரபல மிராசுதாரின் குமாரத்தி". அதே பக்கத்தில், சத்திரத்தில் வெண்கலப் பானை திருடிய குருவம்மாளுக்குப் பெயர், தகப்பன் பெயர், தெரு, அங்க அடையாளம் அத்தனையும் உண்டு. எழுத்துக் கோக்கிற காசிம் அண்ணாச்சி மேலப்பாளையத்துக்காரர். நாக்கு அவருக்கு எழுத்தாணி மாதிரி. இரண்டு செய்தியையும் அடுத்தடுத்துக் கோத்து முடித்துவிட்டு, மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு சொன்னார்:

"அப்படின்னா நம்ம பேப்பர்ல பேர் வாங்கணும்னா, ஒரு பொம்பளை ஒண்ணு சாமியாப் பொறக்கணும், இல்லாட்டா வெங்கலப் பானையைத் தூக்கணும், என்னவே!"

கட்டிவைத்த செய்தி

காசிம் அண்ணாச்சியின் மேஜை ஓரத்தில் நூலால் சுற்றிக் கட்டிய ஒரு சின்ன ஈய எழுத்துக்கட்டு எப்போதும் கிடக்கும். இதழ் முடிந்ததும் மற்ற எழுத்தையெல்லாம் பிரித்துப் பெட்டி அறைகளில் போடுவார். அதை மட்டும் பிரிக்க மாட்டார். என்னவென்று வாசித்துப் பார்த்தேன். "ஒரு ஸ்திரீ கிணற்றில் விழுந்து இறந்தாள். காரணம் தெரியவில்லை." மாதத்துக்கு மூன்று தடவையாவது வேண்டியிருக்கிறதாம். முன்னால் ஊர்ப்பெயரை மட்டும் மாற்றிக் கோத்தால் செய்தி தயார். ஆண்கள் இறந்தால் அரைப் பத்தி, அவர்கள் செய்த தர்மங்களோடு. அதைக் கட்டிவைக்க முடியாது. ஒவ்வொருவர் தர்மமும் ஒவ்வொரு விதம்.

ஒரு நாள் மத்தியானம் வாசலில் ஒரு பெண்பிள்ளை வந்து நின்றாள். முப்பது வயதிருக்கும், நெற்றியில் பச்சிலைக் கட்டு, பக்கத்தில் அவளுடைய அண்ணன். போன வாரம் நாங்கள் கொன்றுபோட்ட ஸ்திரீ அவள்தான். விழுந்தது மெய், அண்ணன் இறங்கித் தூக்கிவிட்டான். எங்கள் எழுத்துக்கட்டில் 'இறந்தாள்' என்று மட்டும்தான் இருந்ததால் அப்படியே ஏறிவிட்டது. அவள் உயிரோடிருப்பதாகப் போடச் சொல்லி அண்ணன் கேட்டான். ஆசிரியர் பிள்ளைக்கு வேர்த்துவிட்டது. இறந்தவள் எழுந்தாள் என்று போட்டால் பத்திரிகையை யார் நம்புவார்? மெதுவாக, சமாதானமாக, "காரணம் தெரியவில்லைன்னு மரியாதையாத்தானே போட்டிருக்கோம், தாயி" என்றார். போகும்போது அவள் படியில் நின்று திரும்பினாள்:

"விழுந்தவளுக்குக் காரணம் தெரியும்யா. நீங்கதான் ஒருத்தரும் கேக்கல."

அன்று சாயங்காலம் காசிம் அண்ணாச்சி நூலை அவிழ்த்து அந்தக் கட்டைப் பிரித்துப் போட்டார். அடுத்த வாரம் மறுபடி ஒரு ஊரிலிருந்து அதே செய்தி வந்தது. எழுத்தெழுத்தாகப் பொறுக்கிப் புதிதாகக் கோத்தார். காரணம் மட்டும் அப்போதும் தெரியவில்லை.

குலஸ்திரீயின் மீசை

பெண்கள் பெயர் வரக்கூடாது என்றாலும் பெண்களுக்கு ஒரு பகுதி வேண்டும் என்று ஆசிரியர் பிள்ளைக்குத் தோன்றியது. 'மாதர்க்கு ஒரு வார்த்தை' என்று தலைப்பு. எழுதுபவர் 'ஒரு குலஸ்திரீ'. அந்தக் குலஸ்திரீ நான்தான். அப்போது எனக்கு மீசை அரிவாள் போல இருக்கும். எழுதும்போது இடது கையால் அதை மறைத்துக்கொண்டு எழுதினேன், நடை கொஞ்சம் குழைவாக வரட்டுமே என்று. புருஷன் வரும்போது எழுந்திருப்பது எப்படி, மாமியார் வையும்போது நிற்பது எப்படி, அகத்திக்கீரை கடைவது எப்படி என்று வாரா வாரம் புத்தி சொன்னேன். பாராட்டி வந்த கடிதங்கள் ஒரு கூடை. அத்தனையும் ஆண்கள் எழுதியவை.

எங்கள் அச்சாபீஸ் ஆசிரியர் பிள்ளை வீட்டின் முன்கட்டில் இருந்தது. நடுவே ஒரு கதவு. அதற்கு அந்தப்பக்கம் அவருடைய வீட்டம்மா. ஆறு வருஷத்தில் நான் அந்த அம்மாளின் வளையல் சத்தத்தையும் குரலையும் சமையலையும் அறிவேனே தவிர முகத்தை அறியேன். பெயரோ, கேட்கவே தோன்றியதில்லை. ஆசிரியர் பிள்ளை உள்ளே பார்த்து "ஏளா" என்பார், எங்களுக்கு "வீட்டம்மா". ஒரு வியாழக்கிழமை அவர் வெளியே போயிருந்த நேரம், கதவுக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. குலஸ்திரீ சொன்னபடி செய்து பார்த்தார்களாம்.

"பிச்சையா தம்பி, அந்த அம்மா சொல்லுக்கு அகத்திக்கீரையில புளியை விட்டுக் கடைஞ்சேன், மாடுகூட மோந்து பாத்துட்டுப் போயிட்டு. அடுத்த தடவை மீசையைக் கொஞ்சம் ஒதுக்கிவிட்டுட்டு ருசி பாத்து எழுதச் சொல்லுங்க."

ஏரல் துறையில் ஒரு தெப்பம்

அந்த ஐப்பசியில் தாமிரவர்ணி எப்படிப் பெருகியது என்றால், குறுக்குத்துறையில் துவைத்த வேட்டியை ஆழ்வார்திருநகரியில் பிழிந்தார்கள். அப்படித்தான் செய்தி எழுதினேன்; ஆசிரியர் பிள்ளை இருந்திருந்தால் அந்த வரியை அடித்திருப்பார். அவர் அக்காள் மகன் கல்யாணத்துக்குத் தென்காசி போயிருந்தார். போகும்போது "இந்த ஒரு இதழை மட்டும் வம்பில்லாமக் கொண்டுவந்துரு" என்று கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். செவ்வாய்க்கிழமை மத்தியானம் ஏரலிலிருந்து ஒரு கோர்ட்டுக் குமாஸ்தாவின் கடிதம் வந்தது. ஏரல் துறையில் படகு கவிழ்ந்துவிட்டது. நடு ஆற்றில் நாணல் திட்டைப் பிடித்துக்கொண்டு எல்லாரும் தொங்கியிருக்கிறார்கள், குமாஸ்தா உட்பட. கரையில் கொடிக்காலில் வெற்றிலை கிள்ளிக்கொண்டிருந்த பூவம்மாள் என்பவள், வெற்றிலைக் கட்டை அக்கரை சேர்க்கக் கட்டிவைத்திருந்த வாழைமரத் தெப்பத்தில் ஏறி, மூங்கிலை ஊன்றி, மூன்று தடவை போய்வந்து ஒன்பது பேரைக் கரை சேர்த்துவிட்டாள்.

சட்டப்படி "சங்கரலிங்கம் மனைவி" என்று எழுதினேன். வாசித்துப் பார்த்தால் சங்கரலிங்கமே மூங்கிலை ஊன்றின மாதிரி இருந்தது. அவனோ அன்றைக்கு மாடு பார்க்க வேற்றூர் போயிருந்தானாம். அடித்துவிட்டுப் "பூவம்மாள்" என்று போட்டேன். கிணற்றில் விழுந்தவளுக்குப் பரிகாரம் செய்கிறோம் என்ற நினைப்பு ஒரு பங்கு. முதலாளி இல்லாத நாளின் கொழுப்பு மூன்று பங்கு. மூன்றாம் பக்கத்தில், கோர்ட்டுச் செய்திகளுக்குக் கீழேதான் இடம் மிச்சம் இருந்தது. காசிம் அண்ணாச்சி கோக்காமல் கடிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பையச் சொன்னார்:

"வேண்டாம்வே. நம்ம பேப்பர்ல பேர் வந்த பொம்பளைகள்லாம் இப்ப எங்கன இருக்காளுவன்னு ஒரு தரம் யோசிச்சுப் பாரும்."

வாசிக்கத் தெரியாதவன் கேட்ட கேள்வி

சனிக்கிழமை காலை கதவு தட்டப்பட்டது. முழங்கால் வரை சேறும் மூன்று நாள் தாடியுமாக ஒருவன். பூவம்மாளின் புருஷன் சங்கரலிங்கம். பரிசு ஏதாவது வாங்கித்தரச் சொல்ல வந்திருப்பான் என்று நினைத்து முறுக்கிக்கொண்டு உட்கார்ந்தேன். அவன் அழுதான்.

நடந்தது இது. எங்கள் இதழ் ஒன்று வியாழக்கிழமை ஏரல் வெற்றிலை மண்டிக்குப் போயிருக்கிறது. கணக்கப்பிள்ளை விரித்துவைத்து, "மூணாம் பக்கம்... கோர்ட்டுச் செய்தி... ஏரல் பூவம்மாள்..." என்று சத்தமாக ஆரம்பித்த நேரத்தில் யாரோ வியாபாரி கூப்பிட, மடித்து வைத்துவிட்டுப் போய்விட்டார். அவ்வளவு போதாதா? சாயங்காலத்துக்குள் பூவம்மாள் சங்கிலி திருடிவிட்டாள். மறுநாள் காலையில் அது கோயில் சங்கிலியாகிவிட்டது. மத்தியானம் கொற்கைப் பக்கம் ஒரு கொலை. கொற்கையிலிருந்து அவளைப் பெற்றவள் மார்பில் அடித்துக்கொண்டு ஓடிவந்தாள். படகில் தப்பிய வெளியூர்க்காரர்களோ, அந்தக் குமாஸ்தா உள்பட, அவரவர் ஊர் போய்விட்டார்கள், சாட்சிக்கு ஆளில்லை. மாமியார்க்காரி உடையாச்சி, "பேப்பர்ல பேர் வந்தவ வடிச்ச சோறு எனக்கு வேண்டாம்" என்று மருமகளை மாட்டுத்தொழுவில் விட்டு, இரண்டு வயதுப் பேத்தியை உள்ளே வைத்துக் கதவைப் பூட்டிவிட்டாள். வருகிற வெள்ளிக்கிழமை ஊர்க்கூட்டம். உறவைத் தீர்த்து, தாய்வீடான கொற்கைக்கே அனுப்பிவிடுவது என்று முக்கால்வாசி முடிவாகிவிட்டது. பிள்ளை மட்டும் இங்கே.

பதறிப்போய் இதழை எடுத்து அவன் முன்னால் விரித்து, "முழுக்கக் கேளும், புகழ்ச்சிதானே போட்டிருக்கு!" என்று வரிக்கு வரி வாசித்தேன். தலையைக் குனிந்து கேட்டான். முடித்ததும் என் முகத்தையும் தாளையும் மாறி மாறிப் பார்த்தான்:

"நீங்க வாசிக்கது நல்லாத்தான் இருக்கு, ஐயா. எழுதியிருக்கது என்னன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

கதவுக்குப் பின்னாலிருந்து

சாயங்காலம் கல்யாணத்திலிருந்து திரும்பிய ஆசிரியர் பிள்ளை, சந்தனம் காயாத கழுத்தோடு விஷயத்தைக் கேட்டு அப்படியே காகித மூட்டையில் உட்கார்ந்துவிட்டார். அவதூறு வழக்கு, சர்க்கார் விசாரணை, அச்சாபீஸுக்குப் பூட்டு என்று விரல்விட்டுச் சொன்னார். நாலாவது விரலில் நான் இருந்தேன். "பிச்சையா, நீ வேலையை விட்டுப் போயிரு" என்றார். பிறகு மறுப்பு போடலாம் என்றார். காசிம் அண்ணாச்சி வேண்டாம் என்று தலையாட்டினார். "மொதலாளி, நம்ம பேப்பர்ல இதுவரைக்கும் மறுப்பு போட்டவுக எல்லாம் செஞ்சவுகதான். 'பூவம்மாள் திருடவில்லை'ன்னு போட்டா, ஏரல்ல நம்பாம இருந்த நாலு பேரும் நம்பிருவாக." சங்கரலிங்கம் வாசலில் துண்டை வாயில் வைத்துக்கொண்டு நின்றான்.

அப்போது வளையல் சத்தம். "ஏங்க, அந்தப் பிள்ளை பேரு தனியா நிக்கதுனாலதான் ஊரு சந்தேகப்படுது. கூட நாலு பேரு போய் நின்னா?" "எந்த நாலு பேரு?" என்றார் ஆசிரியர் பிள்ளை. "முதல்ல என் பேரைப் போடுங்க. பத்திரிகைக்காரர் வீட்டம்மா பேரே வந்திருக்குன்னா அது திருட்டுப் பட்டியல் ஆகுமா? பொறவு தெருவில உள்ளவுக பேரையும் கேளுங்க. செஞ்சது என்னன்னும் சேத்துப் போடுங்க. நான் இந்த வருசம் நூறு நாரத்தங்காய் ஊறுகாய் போட்டேன், அது செய்தி இல்லையா?" ஆசிரியர் பிள்ளை கதவையே பார்த்தார். "உன் பேரா?" என்றார். "ஆமா. என்ன பேருன்னு தம்பி கேப்பாரு, சொல்லுங்க."

நான் பேனாவை எடுத்துக் காத்திருந்தேன். அவருக்கு வாய் வரவில்லை. இருபத்திரண்டு வருஷமாக அந்தப் பெயரை அவர் சொல்லிப் பழக்கமில்லை. கடைசியில் ஒரு துண்டுத்தாளில் எழுதி, கண்ணை வேறு பக்கம் வைத்துக்கொண்டு நீட்டினார். காந்திமதி. நெல்லையப்பர் கோயில் அம்மனுடைய பெயர். கோயில் செய்தி என்று வாரம் தவறாமல் நாங்கள் அச்சடித்த பெயர். காசிம் அண்ணாச்சி தாளை வாங்கி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்:

"இம்புட்டு நாளா ஒவ்வொரு புதங்கிழமையும் இந்தப் பேரைக் கோத்தேன், ஒரு நாளாச்சும் கதவுக்கு அந்தப்பக்கம் இருந்து 'என்ன'ன்னு கேட்டிருக்கக் கூடாதா, தாயி!"

ஏட்டையா வீட்டம்மா

என்னை வேலையை விட்டு அனுப்புவது புதன்கிழமை வரை ஒத்திவைக்கப்பட்டது. ஞாயிறு விடியலில் சங்கரலிங்கத்தோடு மாட்டுவண்டியில் ஏரலுக்குக் கிளம்பினேன். எனக்கு ஒரு யோசனை வந்திருந்தது: போலீஸ் கேஸ் என்று பயப்படுகிற ஊருக்கு, போலீஸ்காரர் மனைவியின் பெயரே பக்கத்தில் இருந்தால் வேறென்ன மருந்து வேண்டும்? ஏரலில் ஓர் ஏட்டையா இருந்தார். அவர் மீசையைப் பார்த்து ஆறு திசைமாறியதாகச் சொல்லுவார்கள்; நானே இரண்டொருவரிடம் சொல்லியிருக்கிறேன்.

முதலில் சங்கரலிங்கம் வீட்டுத் தொழுவுக்குப் போனேன். பூவம்மாள் பசுவுக்கு அந்தப்பக்கம் வைக்கோலில் உட்கார்ந்திருந்தாள். மூங்கில் ஊன்றிய உள்ளங்கை இரண்டும் தோலுரிந்து கிடந்தன. பூட்டிய கதவுக்குள்ளே பிள்ளை அழுகிற சத்தம் கேட்டது. ஒவ்வொரு தடவை அது கேட்கும்போதும் இவள் கழுத்து மட்டும் திரும்பியது. நான் பேப்பர்காரன் என்று புருஷன் சொன்னதும் எழுந்தாள். என்னவோ கேட்க வாயெடுத்தாள். எனக்கு அவள் முகத்தைப் பார்க்கத் தைரியமில்லை. "ஒண்ணும் பயப்படாதேம்மா, எல்லாம் சரியாயிரும்" என்று பாதிப் பேச்சிலேயே திரும்பி வந்துவிட்டேன்.

பிறகு ஏட்டையா வீட்டுக்குப் போனேன். அவர் நான் சொன்னதைக் கேட்டுச் சிவந்தார். "ஏலே, எம் பொண்டாட்டி பேரா வேணும்? திருட்டுப்பய பேரு கேக்கத்தான் நான் இங்கன இருக்கேன், எம் வீட்டுப் பேரு சொல்லுததுக்கா? தூக்கி உள்ள வச்சிருவேன்!" என்று லத்தியை மேஜையில் தட்டினார். நான் வாசல் எத்தனை அடி தூரம் என்று அளந்துகொண்டிருந்தேன். உள்ளே முறுக்கு சுட்டுக்கொண்டிருந்த அம்மாள் சட்டுவத்தோடு நிலைப்படிக்கே வந்துவிட்டார்கள். பூவம்மாள் சேதி அவர்களுக்குத் தெரியும். அவர்கள் புருஷனிடம் பேசாமல், நேரே என்னிடம் சொன்னார்கள்:

"சண்முகத்தாய்னு எழுதிக்கிடுங்க. வெள்ளிக்கிழமை கூட்டத்துல இதை வாசிக்கப்போறதும் அவுகதான், இல்லாட்டா அன்னைக்குச் சோறு கிடையாது."

வெள்ளிக்கிழமை

திங்களும் செவ்வாயும் டவுனில் வீடு வீடாக அலைந்தேன். பாதி வீட்டில் கதவைச் சாத்தினார்கள். ஒரு ஜவுளிக்கடை முதலாளி சம்மதித்துவிட்டு, பெயர் என்ன என்றதும் விழித்தார். முழுப்பெயர் கேட்டுவர வீட்டுக்குப் போனவர் அன்றைக்குக் கடைக்குத் திரும்பவில்லை. ஆனாலும் முப்பத்தொரு பெயர் சேர்ந்தது. நாரத்தங்காய்க் காந்திமதி அம்மாள் முதலில். ஒரே நாளில் தறியில் இரண்டு கைலி நெய்த ஆமினா பீவி இரண்டாவது. அது காசிம் அண்ணாச்சியின் வீட்டம்மா. "அல்லாவே, இருவத்தஞ்சு வருசமாக் கோக்கேன், இந்த மூணெழுத்தைத்தான் மூணு தரம் பிரிச்சுக் கோத்தேன்" என்றார். நடுவில் பூவம்மாள், ஒன்பது பேரைக் காத்த செய்தியோடு. அவளுக்கு ஒரு பக்கம் சண்முகத்தாய். மறுபக்கம் ஓர் இடம் மிச்சம் இருந்தது. ஆசிரியர் பிள்ளை கண்ணயர்ந்த நேரம் பார்த்து அதில், வண்டியில் சங்கரலிங்கம் சொன்னதை வைத்து, நான் ஒரு பெயரைச் சொருகினேன். வியாழக்கிழமை காலையில் அந்த இதழை மடியில் கட்டிக்கொண்டு வண்டி ஏறினேன். கதவைத் தட்டப்போகிற புருஷன்மாரை ஆசிரியர் பிள்ளை பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன்.

கூட்டம் ஆலமரத்தடியில். ஊர்ப் பெரியவர்கள் ஒரு பக்கம். தள்ளிப் பூவம்மாளும் அவளைப் பெற்றவளும் துணி மூட்டையோடு. உடையாச்சி இடுப்பில் பேத்தியை இறுக்கிக்கொண்டு நின்றாள். பிள்ளை தாயைப் பார்த்துத் துள்ளிக்கொண்டிருந்தது. நான் வாசித்தால் நம்ப மாட்டார்கள். ஏட்டையா சிவப்புத் தலைப்பாகையோடு வந்து, இதழைப் பிரித்து, சம்மன் வாசிக்கிற குரலில் ஆரம்பித்தார். ஊறுகாய் வந்தது, கைலி வந்தது. கூட்டத்தில் முணுமுணுப்பு. "ஏரல் ஏட்டு அவர்களின்..." என்றவர் நின்றார். தொண்டையைக் கனைத்தார். "...சண்முகத்தாய் அம்மாள், கார்த்திகைக்கு ஐந்நூறு முறுக்கு..." என்று இழுத்தபோது சிரிக்க ஒருவனுக்கும் தைரியமில்லை, ஆனால் ஊருக்கு விளங்கிவிட்டது. தன் பெண்டாட்டியைத் திருடி என்று எந்த ஏட்டும் வாசிக்க மாட்டார். பூவம்மாளின் தெப்பத்தை வாசித்தார். அடுத்த வரிக்கு வந்தார். நான் மரத்துக்குப் பின்னால் பாதி ஒளிந்துகொண்டேன். "மேற்படி பூவம்மாளின் மாமியார் உடையாச்சி அம்மாள், கண்ணை மூடிக்கொண்டே நூறு வெற்றிலைக் கவுளிக் கட்டுகளைக் கை பிசகாமல் எண்ணி அடுக்க வல்லவர், இவருக்கு நிகர் ஏரல் மண்டியில் எவருமில்லை."

உடையாச்சி முகம் கறுத்தது. பெயர் வந்தவள் வடித்த சோறு வேண்டாம் என்றவள் இனி தான் வடித்த சோற்றையே தின்ன முடியாது. அது அவளுக்குச் சட்டென்று பிடிபட்டுவிட்டது. என்னை அறைவாளா, ஊரைவிட்டு ஓடுவாளா என்று நான் வேட்டியை மடித்துக் கட்டினேன். அவள் ஏட்டையாவின் அருகே போய், தாளில் விரலை வைத்து, "'கை பிசகாம'ன்னு எங்கன இருக்கு? அதை இன்னொரு தரம் சத்தமா வாசிங்க" என்றாள். அவர் வாசித்தார். மூன்றாம் தரமும் வாசித்தார். அந்த மும்முரத்தில் இடுப்புப் பிடி தளர்ந்தது. பிள்ளை நழுவி இறங்கித் தாயிடம் ஓடியது. உடையாச்சி ஓடுகிற பிள்ளையைப் பார்த்தாள், மருமகளின் தோலுரிந்த கையைப் பார்த்தாள். மடியிலிருந்து சாவியை எடுத்து அவள் பக்கம் நீட்டி, "போ, போய் உலையை வை. எல்லாவனும் பாக்கான்" என்றாள். கூட்டம் அதோடு கலைந்தது.

வண்டி ஏறப்போன என்னைப் பூவம்மாள் நிறுத்தினாள். பிள்ளை தோளில் முகத்தைப் புதைத்திருந்தது. கும்பிடு போடுவாள் என்று நான் உடம்பைக் கொஞ்சம் நிமிர்த்திக்கொண்டேன். அன்றைக்குத் தொழுவில் கேட்க வாயெடுத்ததை அவள் இப்போது கேட்டாள்:

"நீங்க எழுதுன ஒம்போது பேரும் ஆம்பளைகள்லா, ஐயா, அந்தப் படகுல நாலு பொம்பளையும் இருந்தாவ, அவுகளையும் நாந்தான் கரையேத்துனேன். ரெண்டு தடவை அச்சடிச்சும் அவுகளை ஏன் ஆத்துலயே விட்டுட்டிய?"

அன்றிலிருந்து இன்றுவரை, இத்தனை பேர் பிழைத்தார்கள் என்று எந்தப் பத்திரிகையில் வாசித்தாலும், கரைக்கு வந்தும் செய்திக்கு வராமல் நிற்கிறவர்கள் எத்தனை பேரோ என்று தாளைத் திருப்பித் திருப்பித் தேடிவிட்டுத்தான் மடிக்கிறேன்.